அம்பிளிக்கையில் கிடைத்த விடை

கோவை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஏறினால் பல்லடம், தாராபுரம் கடந்து ஒட்டன்சத்திரம் வரும். ஊருக்கெல்லாம் அது காய்கறிச் சந்தை. முருங்கையும் தக்காளியும் கேரளத்துக்கு லாரி ஏறும் இடம். அதன் பக்கத்தில்தான், திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை என்ற சிற்றூர். அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி உலகில் எங்கே யார் பேசினாலும் அந்த மையத்தில் நடந்த வேலையைத் தொடாமல் போக முடியாது. அங்கிருந்து புறப்பட்ட ஆய்வுக் கட்டுரை 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. எழுதியவர்களில் ஒருவரான மருத்துவர் சிவானந்தம் சாந்தகுமாரி சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர். ஆய்வை முன்னின்று நடத்திய சங்கரநாராயணன், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையில் அப்போது பணியாற்றினார்.

அந்தக் கட்டுரை சொன்னது இதுதான்: பெரிய ஆய்வகம் வேண்டாம், நுண்ணோக்கி பார்க்கும் நிபுணர் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெறுங்கண்ணால் பார்த்தாலே இந்நோயின் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். இப்படி நிரூபித்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் பக்கத்து ஆலைத் தெருக்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் இன்னும் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். இதற்கு விடை இந்நோயை உண்டாக்கும் வைரஸில் பாதிதான் இருக்கிறது.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். எச்.பி.வி. என்னும் பாப்பிலோமா வைரஸை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெயர் தெரியாமல் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் விரலிலும் முழங்காலிலும் சொரசொரவென்று முளைக்கும் பாலுண்ணி இதன் வேலைதான். அதற்கு அம்மான் பச்சரிசிப் பாலை வைப்பார்கள். குதிரை முடியால் கட்டுவார்கள். கோவிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். நேர்ச்சை பெரும்பாலும் பலித்தும் விடுகிறது. காரணம், பிள்ளைகளுக்கு வரும் பாலுண்ணியில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாமதமாகக் கண்டுபிடித்தாலும் கடைசியில் கண்டுபிடித்து விரட்டிவிடுகிறது. இந்தத் தாமதம்தான் இந்த வைரஸ் குடும்பத்தின் குணம் முழுவதையும் விளக்கும் சங்கதி.

காய்ச்சல் தரும் வைரஸ்கள் பல ரத்தத்தில் இறங்கி, செல்களை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடம்பு உடனே உஷாராகிவிடும். பாப்பிலோமா அப்படிச் செய்வதில்லை. தோலிலோ சவ்விலோ உள்ள நுண்ணிய கீறல் வழியாக அடியடுக்குச் செல்லுக்குள் நுழைந்து அங்கேயே தங்கும். ரத்தத்துக்குள் போகாது, செல்லைக் கொல்லாது. அடியடுக்குச் செல் பிரிந்து பிரிந்து மேலே ஏற ஏற, வைரஸும் அதோடு ஏறும். எப்படியும் உதிர்ந்துவிடப்போகிற மேல் அடுக்குக்கு வந்த பிறகுதான் தன்னைப் பல்லாயிரமாகப் பெருக்கிக்கொண்டு, உதிரும் செல்லோடு வெளியேறும். எங்கும் சேதமில்லை, வீக்கமில்லை. காவலுக்கு நிற்கும் அணுக்களுக்குத் தகவலே போவதில்லை. ஏறத்தாழ 8,000 எழுத்துகளே கொண்ட வளைய வடிவ டி.என்.ஏ., அதைச் சுற்றி ஒரு புரத உறை, விட்டம் சுமார் 55 நானோமீட்டர். இவ்வளவு சிறியது நம்மோடு பல்லாயிரம் தலைமுறையாகக் குடியிருப்பதன் ரகசியம் சத்தம் போடாமல் இருப்பதுதான்.

மனிதரைத் தொற்றும் வகைகள் மட்டும் இருநூறுக்கு மேல். எண்ணிட்டே அவற்றை அழைக்கிறார்கள். 1, 2, 4 ஆகிய வகைகளால் கை கால்களில் பாலுண்ணி வரும். 6, 11 பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்கும். அரிதாகக் குழந்தைகளின் குரல்வளையில் மரு வளர்ந்து மூச்சை அடைப்பதும் இவற்றால்தான். சுமார் பன்னிரண்டு வகைகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் திறன் உண்டு. அதில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோயில் பத்தில் ஏழுக்குக் காரணம். ஆசனவாய், ஆண்குறி, தொண்டைப் புற்றுநோய்களிலும் 16ஆம் வகைக்குப் பங்குண்டு. நம் நாட்டு வாய்ப் புற்றுநோய்க்கு இதைப் பெரிதாகக் குற்றம் சாட்ட முடியாது. அங்கே புகையிலையும் பாக்கும் முன்னால் நிற்கின்றன.

வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்ட வரலாறு முயலில் தொடங்கியது. அமெரிக்காவில் காட்டு முயல்களின் தலையில் கொம்பு போலக் கட்டி முளைப்பதைப் பார்த்த ரிச்சர்ட் ஷோப், அது வைரஸால் வருவது என்று 1933இல் காட்டினார். அந்தக் கட்டி புற்றாக மாறும் என்பதைப் பேடன் ரௌஸ் கண்டார். மனிதருக்கு வருவோம். இத்தாலியின் வெரோனா நகரச் சாவுக் கணக்கைப் புரட்டிய ரிகோனி ஸ்டெர்ன் 1842லேயே ஒன்றைக் கவனித்தார்: கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகம், கன்னியர் மடத்துப் பெண்களிடம் அரிது. ஏதோ ஒன்று தொற்றுகிறது என்று பின்னாளில் பலருக்கும் தோன்றியது. எது என்று தெரியவில்லை. 1970களில் பழி ஹெர்பிஸ் வைரஸ் மேல் இருந்தது. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன் மட்டும் பாப்பிலோமாதான் என்று அடம்பிடித்தார். 1983இல் புற்றுக் கட்டியிலிருந்தே 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் அவருடைய குழு பிரித்தெடுத்தது. 2008இல் நோபல் பரிசு.

கெடுதல் எப்படி நடக்கிறது என்பது பிறகு தெளிந்தது. வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் நம் செல்லின் இரண்டு காவலாளிகளைக் குறிவைக்கின்றன. டி.என்.ஏ. பழுதானால் செல்லை நிறுத்திவைக்கும் அல்லது சாகவைக்கும் பி53 என்ற புரதத்தை ஈ6 அழித்துவிடுகிறது. செல் பிரியலாமா கூடாதா என்று முடிவு செய்யும் ஆர்.பி. என்ற புரதத்தை ஈ7 முடக்குகிறது. வைரஸுக்குப் புற்றுநோயில் எந்த லாபமும் இல்லை. அதற்கு வேண்டியது, மேலேறும் செல் பிரிவதை நிறுத்தாமல் இருப்பது மட்டுமே. பெரும்பாலான பெண்களில் ஓரிரு ஆண்டுகளில் உடம்பு இதையும் விரட்டிவிடும், பாலுண்ணியைப் போலவே. விரட்டாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட சிலரில் மட்டும் வைரஸின் டி.என்.ஏ. செல்லின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும், காவலில்லாத செல்லில் பிழைகள் சேரும், பத்து, பதினைந்து, இருபது வருடம் கழித்து அது புற்றாகும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தக் கணக்கு சுருங்கிவிடும்; அவர்களுக்கு ஆபத்து சுமார் ஆறு மடங்கு. லாரித் தொழிலின் நாமக்கல்லும் ஒரு காலத்தில் எச்.ஐ.வி. மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக இருந்ததால் கொங்குப் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

பத்து முதல் இருபது வருடம் என்பதை நின்று யோசிக்க வேண்டும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் இவ்வளவு நீண்ட அவகாசம் தருவது, அதுவும் கண்ணுக்கு எட்டும் இடத்தில் தருவது, வேறு அதிகம் இல்லை. ஈரலிலோ கணையத்திலோ உள்ளே நடப்பதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கருப்பைவாயைப் பார்க்கலாம், தொடலாம், கெட்ட இடத்தை மட்டும் உறையவைத்து அழிக்கலாம். அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பேருக்கு இந்நோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். உலகச் சாவில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் நம்முடையது.

பணக்கார நாடுகளில் இந்நோயைக் குறைத்தது பாப் பரிசோதனை. கிரேக்கத்திலிருந்து அமெரிக்கா போன பாபனிக்கோலாவின் பெயரில் வந்தது. கருப்பைவாயை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, பயிற்சி பெற்ற கண்கள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் தவறும் என்பதால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பத்து நாள் கழித்து முடிவு வரும். கோளாறு என்றால் அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து மறுபடி அழைக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கம் வெங்காயம் அறுக்கப் போகும் பெண்ணை எத்தனை முறை அழைக்க முடியும்?

அதனால்தான் திண்டுக்கல் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே வருகையில், செவிலியரே பார்த்து, செவிலியரே சிகிச்சையும் கொடுத்தால் என்ன ஆகும்? மாவட்டத்தின் ஆய்வுப் பகுதியை 114 கொத்துகளாகப் பிரித்தார்கள். 57இல் பரிசோதனை, 57இல் வழக்கமாக என்ன நடக்குமோ அது மட்டும். 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள். பரிசோதனைப் பகுதியில் 49,311 பேர் தகுதி பெற்றார்கள். அவர்களில் 31,343 பேர், அதாவது நூற்றுக்கு 63.6 பேர், வந்து பார்த்துக்கொண்டார்கள்.

அமிலம் தடவினால் ஏன் வெளுக்கிறது? வைரஸ் பிடித்து ஓயாமல் பிரியும் செல்லில் உட்கரு பெரிதாக, புரதம் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரிந்து ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். இளஞ்சிவப்பு நிறத்தின் நடுவே வெள்ளைத் திட்டு தெரியும். சில நிமிடங்களில் மறைந்தும் போகும். சாதாரணப் புண், வீக்கம்கூடச் சில நேரம் வெளுக்கும் என்பதால் எது விளிம்பு தெளிவான அடர்வெள்ளை, எது மங்கல் என்று பிரித்தறியக் கண்ணைப் பழக்க வேண்டும். புற்றுக்கு முந்தைய மாற்றம் நடக்கும் பகுதி மாதவிடாய் நின்றபின் உள்ளே சுருங்கிவிடுவதால் ஐம்பது தாண்டிய பெண்களில் இந்த முறை அவ்வளவாக உதவாது. எளிய பரிசோதனைதான், ஆனால் யாரும் எப்படியும் செய்துவிடலாம் என்பதல்ல.

3,088 பேருக்குத் திட்டு தெரிந்தது. எனக்கு இந்த ஆய்வின் மிக முக்கியமான எண் அடுத்தது: அந்த 3,088 பேரில் 3,052 பேருக்கு உருப்பெருக்கிக் கருவியால் அடுத்த கட்டச் சோதனையும் முடிந்துவிட்டது. முப்பத்தாறு பேர்தான் நழுவினார்கள். அடுத்த வாரம் வா, ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்டர் இருக்கிற நாளாகப் பார்த்து வா என்ற அலைச்சல் இல்லை. தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, அங்கேயே உறைகுளிர்ச் சிகிச்சை. சதைச் சோதனையில் புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பேரில் 72 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றார்கள்.

2006 வரை தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். பரிசோதனைப் பகுதியில் 167 புற்றுநோய், 83 சாவு. மற்றப் பகுதியில் பெண்கள் எண்ணிக்கை குறைவாக, 30,958 ஆக இருந்தும், 158 புற்றுநோய், 92 சாவு. கண்காணித்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் லட்சத்துக்கு சாவு ஒரு பக்கம் சுமார் 30, மறுபக்கம் 51. வயது முதலியவற்றைச் சரிசெய்தபின் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாகக் கட்டுரை முடிவு சொன்னது. ஒரே ஒரு முறை பார்த்ததற்குக் கிடைத்த பலன் இது. இந்த முறையால் சாவு குறையும் என்பதற்கு உலகில் அதுவரை இப்படியொரு சான்று இருக்கவில்லை.

அந்த 92இல் ஒரு முள் இருக்கிறது. பரிசோதனை செய்யாமல் விட்ட பகுதியில் இறந்தவர்கள் அவர்கள். திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பை என்று மூன்று ஆய்வுகளிலும் இப்படி விடப்பட்ட குழுக்களில் 254 பெண்கள் இறந்தார்கள் என்று அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எரிக் சூபா 2014இல் எழுதிய பிறகு பெரிய விவாதம் எழுந்தது. ஆய்வு நடத்தியவர்கள் தரப்பின் பதில்: இந்தக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை என்பதே பரிசோதனை இல்லாத நிலைதான், ஆய்வு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. பதிலில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அப்படி எதுவும் கிடைக்காத பெண்கள் இருக்கும் நாட்டில்தான் இந்த ஆய்வைச் செய்ய முடிந்தது என்பதும் உண்மை. பாரிஸிலோ பாஸ்டனிலோ பரிசோதனையே செய்யாத குழு என்று ஒன்றை வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதித்திருக்காது. சான்றுக்கு விலை கொடுத்தது யார் என்பது தெரிந்திருந்தால், அந்தச் சான்றை அலமாரியில் வைப்பது எவ்வளவு பெரிய கடன்பாக்கி என்பதும் தெரியும்.

உஸ்மானாபாதின் முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது திண்டுக்கல்லோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைரஸின் டி.என்.ஏ.வையே தேடும் எச்.பி.வி. பரிசோதனை, ஒன்றுக்குப் பாப், ஒன்றுக்கு அமிலம் தடவிப் பார்த்தல், ஒன்றுக்கு எதுவுமில்லை என்று வைத்தார்கள். 2009இல் வந்த முடிவில் எச்.பி.வி. பரிசோதனை சாவை ஏறத்தாழ பாதியாக்கியிருந்தது. அமிலப் பரிசோதனையில் குறிப்பிடும்படி சாவு குறையவில்லை. கண்ணால் பார்ப்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்பதுதான் இதற்கு நேரான விளக்கம். எச்.பி.வி. பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் அந்த ‘இல்லை’ உறுதியானது. மற்ற இரு முறைகளில் ‘இல்லை’ என்று அனுப்பப்பட்டவர்களுக்குப் பின்னால் புற்று வந்த விகிதம், எச்.பி.வி. ‘இல்லை’ பெற்றவர்களுடையதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் எச்.பி.வி. பரிசோதனையையே முதல் தேர்வாகச் சொன்னது: 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இதில் நம் ஊருக்கு ஏற்ற இன்னொரு வசதியும் உண்டு. மாதிரியைப் பெண்ணே தனியாக, ஒரு பஞ்சுக் குச்சியால், எடுத்துக் கொடுத்துவிடலாம். காலை விரித்துப் படுக்க வேண்டாம், யார் முன்னாலும் துணி விலக்க வேண்டாம். கூச்சத்தைப் பற்றி மேடையில் அறிவுரை சொல்வதைவிடக் கூச்சப்படத் தேவையில்லாத பரிசோதனையைக் கொடுப்பது சுலபம்.

தடுப்பூசிக் கதையிலும் அம்பிளிக்கை வருகிறது, அதுவும் யாரும் திட்டமிடாத விதத்தில். வைரஸின் உறைப் புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் உண்டாக்கினால் அது தானாகவே வைரஸ் வடிவில் கூடிக்கொள்ளும் என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜியான் சோவும் இயன் ஃப்ரேசரும் 1991இல் கண்டார்கள். உள்ளே டி.என்.ஏ. இல்லாத வெற்று உறை, தொற்றவும் தொற்றாது. அதிலிருந்து பிறந்த முதல் தடுப்பூசிக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2009இல் இந்தியாவில் இரண்டு தனித்தனி வேலைகள் நடந்தன. ஒன்று, பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். துணையோடு ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட்ட திட்டம். இன்னொன்று, மூன்று ஊசி வேண்டுமா இரண்டு போதுமா என்று அறிய சங்கரநாராயணன் குழு பல இடங்களில் நடத்திய ஆய்வு. அம்பிளிக்கை அதில் ஓர் இடம்.

முதல் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஒருத்தி தண்ணீரில் மூழ்கி, ஒருத்தி பாம்பு கடித்து, பூச்சிமருந்து குடித்தவர்கள், காய்ச்சல் கண்டவர்கள் என்று விசாரணையில் காரணங்கள் வந்தன. தடுப்பூசியோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் விடுதிக் காப்பாளரே பெற்றோருக்குப் பதில் கையெழுத்திட்டதும், பழங்குடிப் பிள்ளைகளிடம் முறையாக விளக்காததும் வெளிவந்தன. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. கண்டிக்க வேண்டியதைத்தான் கண்டித்தது. 2010 ஏப்ரலில் அரசு நிறுத்து என்றபோது சம்பந்தமில்லாத இரண்டாவது ஆய்வும் சேர்ந்து நின்றது. 20,000 சிறுமிகள் என்று திட்டமிட்டதில் 17,729 பேருக்கு ஊசி தொடங்கியிருந்தது. அதில் ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கண்காணித்தார்கள். பத்து வருடம் கழித்து 2021இல் முடிவு வந்தது: 16, 18 வகைகள் உடம்பில் தங்கிவிடுவதைத் தடுப்பதில் மூன்று ஊசிக்கு 93.3 சதவீதம், இரண்டுக்கு 93.1, ஒன்றுக்கு 95.4. வித்தியாசமே இல்லை. ஒரே ஊசி போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2022இல் சொன்னதற்கு, ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளோடு இந்த விபத்துச் சான்றும் ஒரு தூண். ஏழை நாடுகளுக்குச் செலவைப் பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் குறைத்த முடிவுக்கு, நிறுத்தப்பட்டதால் ஒரு ஊசியோடு நின்ற நம் கிராமத்துச் சிறுமிகளும் காரணம். அதே பத்து வருடமும் அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி பெரும்பாலான இந்தியச் சிறுமிகளுக்குக் கிடைக்கவில்லை. சிக்கிமும் பஞ்சாபின் சில மாவட்டங்களும் விதிவிலக்கு.

தமிழ்நாட்டைக் குறை சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: திண்டுக்கல் பாடத்தை மற்ற மாநிலங்களைவிட முன்னாலேயே இந்த மாநிலம் எடுத்துக்கொண்டது. உலக வங்கி உதவியோடு 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம், 2012இல் மாநிலம் முழுக்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கும் செவிலியர் அதே அமிலப் பரிசோதனையைச் செய்கிறார். பலன்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒரு முறை கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே முதலிடம். திண்டுக்கல்லில் மூன்றே ஆண்டில் 63.6ஐத் தொட்டவர்கள் இதே மாநிலத்துப் பெண்கள்தான். இடையில் தொலைந்த 54 எங்கே?

சிங்காநல்லூரிலிருந்து பார்த்தால் ஓரளவு தெரிகிறது. இது ஆலைகளின் ஊர். வரதராஜபுரத்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையை வெளியூர்க்காரர்கள் கொரோனா ஆஸ்பத்திரியாகத்தான் அறிவார்கள். ஊருக்கு அது மில் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் கால் வைத்ததே 1955இல் கோயம்புத்தூரில்தான், ஆலைத் தொழிலாளர்களுக்காக. வசதி இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. இல்லாதது வேலை நாளில் ஒரு பகல். ஷிப்டு போனால் சம்பளம் போகும். வார விடுமுறையில் துணி, ரேஷன், பிள்ளைகள். உடம்பில் ஒன்றும் தெரியாதபோது ஆஸ்பத்திரிக்கு எதற்கு? “எனக்கொண்ணும் இல்லீங்க, எதுக்குங்க டெஸ்ட்டு?” என்பது அறியாமைப் பேச்சு அல்ல, ஒரு நாள் கூலியின் கணக்கு. வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும் நின்று வேலை செய்யும் பெண்களுக்குப் பழகிப்போனவை. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. தீட்டு நின்று பல வருடம் கழித்து மறுபடி ரத்தம் வந்தால் ‘மறுபடி வந்திருச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். மறுபடி வருவது இல்லை அது. கருப்பைவாய்ப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழக்கமான முகமே இந்த இரண்டும்தான். அதற்குள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கட்டம் வந்துவிட்டிருக்கும். கதிர்வீச்சு வாரக்கணக்கில் ஓடும்.

ஒழுக்கப் பேச்சு இன்னொரு தடை. உடலுறவால் பரவுவது என்று சொன்னவுடன், நோய் வந்தவள் நடத்தை சரியில்லாதவள் என்று ஒரு தீர்ப்பு தயாராக நிற்கிறது. தடுப்பூசி போட்டால் பெண் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயமும் அங்கிருந்து வருவதுதான். உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகிறது. ஆணுக்கும் வரும், அவனுக்குத் தெரியவே தெரியாது. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கு அவன் வழியாக வருகிறது. ஆணுறை ஓரளவு காக்கும், முழுக்க அல்ல, உறை மூடாத தோலிலும் வைரஸ் இருப்பதால். இருபத்திரண்டில் வந்த தொற்று நாற்பதில் புற்றாகிறது என்றால் அது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல. என் பார்வையில், விழிப்புணர்வுக் கூட்டங்களில் பரவும் வழியை முதலில் சொல்வதைவிட, பாலுண்ணியை உண்டாக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் என்று தொடங்குவது மேல். அதில் பொய் இல்லை, தலைகுனிவும் இல்லை.

கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்ற நம்பிக்கையும் இங்கே பலமாக உண்டு. அதிக ரத்தப்போக்கு என்று போனவர்கள் முப்பத்தைந்து வயதில் கருப்பை இல்லாமல் திரும்புகிறார்கள். உறைகுளிர்ச் சிகிச்சையில் சில நிமிடத்தில், மயக்க மருந்தில்லாமல் தீர வேண்டிய திட்டுக்கு வயிற்றைக் கிழிப்பது மருத்துவமா வியாபாரமா என்று தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக, பட்டியல் பிரச்சினை. திண்டுக்கல்லில் வீடுவீடாகப் பெண்களின் பெயர் எழுதி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது தெரிந்திருந்தது. அரசுத் திட்டத்தில் வேறு நோவுக்காக வருபவரைப் பரிசோதிப்பதே அதிகம். வராதவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆலை விடுதிகளில் இன்று தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பெண்களின் பெயர் எந்தச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது? ஊரில் இருந்திருந்தால் அங்கே ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதார ஊழியர் ஒருவராவது கேட்டிருப்பார். இங்கே அவர்கள் வேலை செய்கிறார்கள், குடியிருப்பதாகக் கணக்கில் இல்லை.

தடுப்பூசி இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக்குக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரானது. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பலன் வரும். ஆனால் 2025இல் 14 வயதான பெண் 30ஐத் தொடுவது 2041இல். அவளுடைய அம்மாவுக்கு இப்போதே முப்பத்தைந்தோ நாற்பதோ. தொற்று வந்து தங்கியிருந்தால் தடுப்பூசி அதை எடுக்காது. அந்த அம்மா சிங்காநல்லூர்ப் பக்கம் ஏதாவது ஒரு மில்லில் ரிங் பிரேம் நூற்பு எந்திரத்தில் நிற்கிறாள் என்றால், அவளிடம் பஞ்சுக் குச்சி போய்ச் சேர வேண்டிய இடம் ஆலைக்குள்ளேயே உள்ள ஓய்வறை. மாதிரியை அவளே எடுத்துக்கொடுக்கட்டும், இ.எஸ்.ஐ. எண்ணோடு அது ஆய்வகத்துக்குப் போகட்டும். ‘இல்லை’ என்று வரும் பத்துக்கு ஒன்பது பேரை ஐந்து வருடம் தொந்தரவு செய்ய வேண்டாம். மீதிப் பேருக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து, வரதராஜபுரத்தில் அதே நாளில் பார்த்து அதே நாளில் உறைகுளிர்ச் சிகிச்சையும் முடித்து அனுப்பலாம். அம்பிளிக்கை ஆய்வில் 3,088 பேரில் முப்பத்தாறு பேரை மட்டும் அடுத்த கட்டச் சோதனையில் நழுவவிட்டது இந்த ஒரே நாள் ஏற்பாடுதான்.